முப்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட கோளாறு) புதிதாக வருமா?

பொதுவாக வராது, முன்பே இருந்தது இப்போதுதான் கண்ணில் படுகிறது. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்களுக்கு, சிறுவர்களுக்கான ஆறுக்குப் பதிலாக ஐந்து அறிகுறிகள் போதும்.

பள்ளி மணியும் அம்மாவின் அதட்டலும் அன்றாடத்தை ஒழுங்குபடுத்திய வரையில் குறை தெரிவதில்லை. வேலை, வாடகை, மின்கட்டணம் எல்லாம் தன் தலையில் விழும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படுகிறது. பிடித்த வேலையில் நள்ளிரவுவரை மூழ்கிக் கிடப்பவரால் ஒரு படிவத்தை நிரப்ப முடியாது. இதைச் சோம்பல் என்பது அநியாயம். சிறுவயதின் ஓட்டமும் துள்ளலும் பெரியவர்களிடம் பெரும்பாலும் உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாக மாறிவிடுகின்றன.

தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதே போலத் தோன்றலாம். இணையக் கேள்வித்தாளை நம்பாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் குறிப்புகள் உதவும்.