காயில்ஓவர் வீட்டிலேயே மாட்டலாமா? கடைசி முறுக்கில்தான் சூட்சுமம்

கேள்வி: என்னிடம் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. உயரத்தை ஏற்றி இறக்கும் காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வருவது) செட் ஒன்று வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாட்ட முடியுமா? மாட்டியபின் கார் கட்டை வண்டிபோல் குதிக்கிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தாராளமாக முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு முழு நாள் வேலை. குதிப்பதற்குப் பெரும்பாலும் காயில்ஓவர் காரணமில்லை, மாட்டிய விதம்தான் காரணம்.

கழற்றுவது சுலபம். முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு எண்ணெய் அடித்து வையுங்கள். காரை ஜாக்கியின் மேல் விட்டுவிட்டு அடியில் கை நீட்டவே கூடாது. ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே வேலை. ஷாக்கின் மேல் நட்டுகள் முன்னால் பானெட்டுக்குள்ளும் பின்னால் டிக்கி விரிப்புக்குப் பின்னாலும் இருக்கும். முன்பக்கம் மேல் ஆர்மின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை) நீண்ட போல்ட்டை உருவினால் ஷாக் வெளியே வர இடம் கிடைக்கும். அப்போது நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) சரியும். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸ் அந்த எடையைத் தாங்கக் கூடாது. உங்கள் செட்டோடு டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல் முனையைப் பாடியில் பிடிக்கும் தட்டு) வந்திருந்தால் பழைய ஸ்பிரிங்கை அழுத்திப் பிரிக்கும் ஆபத்தான வேலையே இல்லை.

புதியதை மாட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள், பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு காயில்ஓவரிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப்போடு (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடிதாங்கும் ரப்பர்) காரில் மாட்டி, சக்கரத்தையும் போட்டு, கீழ் ஆர்மை ஜாக்கியால் முழுக்க மேலே ஏற்றுங்கள். டயர் மட்கார்டில் இடிக்கிறதா, ஷாக்கின் ராடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். இந்தக் காரில் ஷாக் ஓடும் தூரமே குறைவு. ஒரேயடியாக இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும்; குதிப்பதற்கு ஒரு காரணம் இது. தெருவில் ஓட்ட 25 முதல் 30 மில்லிமீட்டர் இறக்கினால் போதும்.

கீழ் பிராக்கெட்டும் மரையில் ஏறி இறங்கும் செட்டாக இருந்தால் உயரத்தை அங்கேதான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம்) திருகி உயரம் தேடாதீர்கள். ஸ்பிரிங் ஆடாத அளவுக்குக் கையால் இறுக்கி, அதற்கு மேல் 2 முதல் 5 மில்லிமீட்டர் போதும். மரைகளில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் காலர் இறுகிப்போகும்.

இனி குதிப்பதற்கான இன்னொரு காரணம். ஆர்ம்களின் மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ், உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியே இருக்கும். அது சுழலாது, முறுகும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழும்: கார் ஒரு விரல் உயரமாக நிற்கும், விறைப்பாக ஓடும், புஷ் சீக்கிரம் கிழியும். பழைய உயரத்தில் முறுக்கியதை அப்படியே விட்டாலும் இதே கதைதான்.

அதனால் எல்லா போல்ட்டையும் லேசாக மட்டும் பிடித்துவிட்டு, காரைத் தரையில் இறக்கிச் சில அடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். உயரம் சரியானதும் வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டெபிலைசர் லிங்க்கை (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை இணைப்பு) கழற்றி வைத்த நிலையில், கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து அதே அளவு வரும்வரை ஏற்றி, அப்போது டார்க் ரெஞ்ச்சால் (குறித்த விசைக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். பாடி ஸ்டாண்டை விட்டு எழப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள், சில மில்லிமீட்டர் குறைவது பரவாயில்லை. கீழ் ஆர்ம்களின் உள்பக்க கேம் போல்ட்டுகளையும் (திருகினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்டுகள்) இதேபோல் தளர்த்தி முறுக்க வேண்டும்; தொடுமுன் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். லிங்க்கைக் கடைசியில், இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது பூட்டுங்கள். வீல் நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல்.

ஷாக் ராடின் மேல் நட்டில் இம்பாக்ட் கன் வேண்டாம், ராடு சேர்ந்து சுழன்று சீலைக் கெடுக்கும். ராடைப் பிளையரால் கவ்வவும் வேண்டாம்; ஒரு சிறு கீறல் போதும், எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

மறுநாளே வீல் அலைன்மென்ட், உங்கள் எடைக்கு ஈடான மூட்டை டிரைவர் சீட்டில் இருக்க. இறக்கிய காரில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும். அப்படியே ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேயும். ஹெட்லைட்டையும் சரிபாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் தொட்டுப் பாருங்கள். அதற்குள் 'டொக் டொக்' என்று கேட்டால், டாப் மவுண்ட் நட்டையும் ஸ்பிரிங்கின் நுனி அதன் தட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.