வாசகர் கேள்விகள்: பழைய புகைப்படத்தில் இருப்பவர் யார்?

கேள்வி: எங்கள் குடும்ப ஆல்பத்தில், சுமார் 6.4 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள தடித்த அட்டையில் ஒட்டிய ஓர் இளம்பெண்ணின் படம் இருக்கிறது. ஐரோப்பிய பாணி உடை. பாவாடை பின்புறம் மட்டும் புடைத்து நிற்கிறது. அட்டையின் மூலைகள் வளைவாக வெட்டப்பட்டுள்ளன. பின்புறம் ஸ்டுடியோவின் பெயர் பூவேலைப்பாட்டுடன் அச்சாகியிருக்கிறது. அதன் ஓரத்தில் பென்சிலால் ‘பாட்டி, 1858’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறிப்பை நம்பலாமா?

பதில்: படம் எடுத்த ஆண்டாக 1858-ஐ ஏற்க முடியாது. ஆனால் அந்தக் குறிப்பைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அது வேறு எதையோ சொல்கிறது.

நீங்கள் தரும் அளவு ‘கார்ட் டி விசிட்’ எனப்படும் சிறு அட்டைப் படத்துக்கு உரியது. பாரிஸைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் திஸ்தேரி 1854-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; ஆனால் இது வீடுதோறும் ஆல்பங்களில் சேரத் தொடங்கியது 1860-ஐ ஒட்டித்தான். தொடக்க கால அட்டைகள் மெல்லியவை, மூலைகள் நேர்கோணமாக இருக்கும், பின்புறம் ஒன்றும் இல்லாமலோ ஸ்டுடியோவின் பெயர் மட்டும் எளிமையாகவோ இருக்கும். தடித்த அட்டையும், வளைந்த மூலைகளும், பின்புறம் முழுவதும் பரவிய அலங்கார அச்சும் பெரும்பாலும் 1870-களிலும் அதற்குப் பின்னும் வந்தவை. உடையும் இதையே உறுதி செய்கிறது. 1858-இல் நாகரிகமாக இருந்தது நான்கு புறமும் வட்டமாக விரிந்த பாவாடை. பின்புறம் மட்டும் புடைத்த பாவாடை 1870-களின் முற்பகுதியிலும், இடையில் சில ஆண்டுகள் ஒடுங்கியிருந்து மீண்டும் 1880-களின் நடுப்பகுதியிலும் வழக்கில் இருந்தது.

அட்டையை மட்டும் கொண்டு முடிவு செய்திருந்தால் நாம் தவறியிருக்கக்கூடும். ஏனெனில் பழைய படத்தைப் பிற்காலத்தில் ஸ்டுடியோவில் கொடுத்துப் படியெடுத்து, புதிய அட்டையில் ஒட்டி வாங்கும் வழக்கம் மிகப் பரவலாக இருந்தது. அப்போது அட்டை சொல்வது படியெடுத்த காலத்தை. மூலப் படம் அதற்கு இருபது ஆண்டு முற்பட்டதாக இருக்கலாம். உங்கள் படத்தில் உடையும் அட்டையும் ஒரே காலத்தைக் காட்டுவதால் அந்த ஐயம் எழவில்லை. மூதாட்டியின் படமாக இருந்தால் உடையை இவ்வளவு நம்ப மாட்டேன். வயதானவர்கள் தம் இளமைக்கால உடைப் பாணியையே தொடர்ந்து அணிவதுண்டு. ஓர் உடைப் பாணி, படம் எந்த ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும்.

இனி ‘பாட்டி’ என்ற சொல்லுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுவே. அவர் யாருக்குப் பாட்டி? எழுதியவருக்கா, எழுதியவரின் பிள்ளைகளுக்கா? உறவுப் பெயர் எழுதியவரின் இடத்திலிருந்து எண்ணப்படுவது. படிப்பவரின் இடத்திலிருந்து எண்ணினால் ஒரு தலைமுறையே பிசகிவிடும். படத்தில் இருப்பவர் இளம்பெண் என்பதால், அவரைப் பாட்டி என்று எழுதிய கை படம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து எழுதிய கை. அவர் நினைவில் வைத்திருந்த 1858, அந்தப் பெண்ணின் பிறந்த ஆண்டாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படியானால் 1880-களின் நடுவில் அவருக்கு இருபத்தேழு வயதளவில் இருக்கும். குடும்பத்தில் அந்த ஆண்டையொட்டிப் பிறந்த பெண்களின் பட்டியலை எழுதிக்கொண்டு, அதே கையெழுத்து ஆல்பத்தின் மற்றப் படங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டுடியோவின் முகவரியையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கால வணிகக் கையேடுகளிலும் செய்தித்தாள் விளம்பரங்களிலும் தேடினால், அது அந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பது தெரியவரும். பல ஸ்டுடியோக்கள் அடிக்கடி இடம் மாறியதால், இந்த ஒரு செய்தியே காலத்தை நான்கைந்து ஆண்டுகளுக்குள் சுருக்கித் தருவதுண்டு. பின்புறம் பரிசுப் பதக்கங்கள் ஆண்டுடன் அச்சாகியிருந்தால், அட்டை அவற்றுள் கடைசி ஆண்டுக்குப் பிற்பட்டது.

கேள்வி: இரண்டு படங்களில் இருப்பவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றில் கண்கள் வெளிறியும் முடி கறுத்தும் தெரிகின்றன. எதைக் கொண்டு ஒப்பிடுவது?

பதில்: நிறத்தைக் கொண்டு ஒப்பிடாதீர்கள். படம் பதிவதற்காகத் தகட்டில் தடவிய அக்காலப் பூச்சுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணரவில்லை. அதனால் நீலக் கண்கள் வெண்மையாகவும், செம்பட்டை முடி கறுப்பாகவும் பதிந்தன. நெகட்டிவில் கைவேலை செய்து சுருக்கங்களை மறைப்பதும் வழக்கம். காதின் மடிப்புகள், மயிர்க்கோடு, கண்களுக்கு இடையேயுள்ள தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். காதின் மடல் வயதுடன் நீளும். உள்மடிப்பின் வடிவம் பெரும்பாலும் மாறாது. உலோகத் தகட்டிலேயே நேரடியாகப் பதிந்த டாகுரோடைப், டின்டைப் போன்ற படங்களில் உருவம் பொதுவாகக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில் தெரிந்ததாலேயே ஒருவரை வேறொருவர் என்று தள்ளிவிடக் கூடாது. எல்லாம் பொருந்தினாலும் உடன்பிறந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு எஞ்சும். ஆகவே முதலில் இரு படங்களின் காலத்தையும் தனித்தனியே கணியுங்கள். முகத்தில் தெரியும் வயது அந்த இடைவெளிக்கு ஒத்துவந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

கேள்வி: பேழையில் உள்ள என் படம் உலோகத் தகடா, கண்ணாடியா?

பதில்: பேழையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கண்ணாடிபோல உங்கள் முகமே தெரிந்தால் அது வெள்ளி பூசிய டாகுரோடைப். 1839-இல் அறிமுகமாகி 1850-களின் இறுதிக்குள் பெரும்பாலும் மறைந்தது. அப்படித் தெரியாமல், ஒரு சிறு காந்தம் மூடியின் மேலாகவே ஈர்க்கப்பட்டால் அது இரும்புத் தகட்டு டின்டைப். 1856-க்குப் பிற்பட்டது, இருபதாம் நூற்றாண்டிலும் எடுக்கப்பட்டது. இரண்டும் இல்லையென்றால் கண்ணாடியில் எடுத்த ஆம்ப்ரோடைப்பாக இருக்கக்கூடும். எதுவானாலும் பேழையைத் திறந்து துடைக்க வேண்டாம். டாகுரோடைப்பின் மேற்பரப்பை விரல் ஒருமுறை தொட்டாலே அழியாத தழும்பு விழும்.

கேள்வி: நிற்பவரின் காலுக்குப் பின்னே ஓர் இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி தெரிகிறது. இறந்தவரை நிறுத்தி எடுத்த படமா?

பதில்: இல்லை. படம் பதிய ஒளி விழவேண்டிய நேரம் நீண்டிருந்ததால், உயிருள்ளவரின் தலை அசையாமல் இருப்பதற்காக வைத்த தாங்கி அது. ஓர் உடலின் எடையை அதனால் தாங்க முடியாது. இறந்தவர்களைப் பெரும்பாலும் படுக்கையில் கிடத்தியோ, குழந்தையானால் தாயின் மடியில் வைத்தோதான் எடுத்தார்கள்.