முன் கண்ணாடி ரப்பர் புதுசு, அடியில் துரு பழசு

வண்டி கேள்வி–பதில்

கேள்வி: பழைய வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். நவக்கிரகக் கோயில்கள், வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று குடும்பத்தோடு அதில்தான் சுற்றுகிறோம். முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் சுருங்கி மூலைகளில் வாய் பிளந்துவிட்டது. கீழ் மூலையில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது, மழை வந்தால் டேஷ்போர்டு நனைகிறது. சிலிக்கான் அடித்தால் போதும் என்கிறார்கள் பட்டறையில். புது ரப்பர் நாமே மாட்டிக்கொள்ளலாமா சார்?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: மாட்டலாம். ஆனால் ரப்பர் வாங்கக் கிளம்புவதற்கு முன் அந்தக் குமிழை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உதிர்ந்து அடியில் கெட்டியான தகடு தெரிந்தால் பிழைத்தீர்கள். முனை உள்ளே இறங்கிவிட்டால் உங்களுக்கு இருப்பது டிங்கரிங் வேலை, ரப்பர் அதில் கடைசி அரை நாள்தான்.

வெயிலில் காய்ந்து காய்ந்து ரப்பர் இறுகிச் சுருங்கும், மூலையில் இடைவெளி விழும், அது வழியாக இறங்கும் தண்ணீர் ரப்பருக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும். அங்கே காற்றும் வெயிலும் படாது, அதனால் வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காய வைக்கிறார்கள், வைக்கோலைப் பரப்புகிறார்கள், அதன் மேல்தான் நாம் ஓட்டிப் போகிறோம். அந்தப் பதரும் தூசும் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் போய் அடைந்து, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துவிடும். கீழ் மூலைதான் எப்போதும் முதலில் துருப்பிடிக்கிறது என்றால் அதற்கு இதெல்லாம்தான் காரணம். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அது ஊதிக் கண்ணாடி விளிம்பை நெருக்கும், ஒருநாள் கல்லே படாமல் மூலையிலிருந்து கீறல் ஓடும்.

அந்த சிலிக்கான் விஷயம். குழாயைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிப்பு வாடை வந்தால் அதை வண்டிக்கு அருகிலேயே கொண்டு போகாதீர்கள். அந்த வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், வெறும் தகட்டில் அது பட்டால் துருவுக்கு நாமே விதை போட்ட கதை. தவிர, சிலிக்கான் படிந்த இடத்தில் பிறகு பெயின்ட் நிற்காது. மேலே பூசினால் வழி அடைபடும், சரி, ஏற்கனவே உள்ளே போன தண்ணீர் எங்கே போகும்?

இப்போது வேலைக்கு வருவோம். உங்கள் கண்ணாடி எப்படி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய வேன், பஸ்களில் ஒரே ரப்பர்தான் ஒரு பள்ளத்தில் கண்ணாடியையும் மறு பள்ளத்தில் சட்டத்தையும் பிடித்திருக்கும், நடுவில் ஒரு மெல்லிய பட்டை அழுத்திச் செருகியிருக்கும். புது வண்டிகளில் கண்ணாடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள், வெளியே தெரியும் ரப்பர் சும்மா அலங்காரம். உங்களுடையது ஒட்டின வகை என்றால் கண்ணாடிக்காரரிடம் விட்டுவிடுங்கள், வீட்டில் செய்கிற வேலை இல்லை அது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் பழைய வகை மாதிரிதான் தெரிகிறது.

பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். நடுப்பட்டையை உருவிவிட்டு, ரப்பரின் வெளி ஓரத்தை, அதாவது வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்தெடுத்தால் கண்ணாடி நோகாமல் வெளியே வரும். உள்ளிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ள, வெளியே இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அறுத்ததில் ஒரு சாண் துண்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணாடி கனத்துக்கும் சட்டத் தகட்டின் கனத்துக்கும் ரப்பரின் இரண்டு பள்ளமும் பொருந்த வேண்டும், வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் கரூர் பக்கம் விசாரியுங்கள், பஸ் பாடி கட்டும் ஊர் என்பதால் எல்லா அளவும் புழங்கும்.

கண்ணாடி வெளியே இருக்கும்போதுதான் துருவுக்கு நேரம் ஒதுக்க வேண்டும், அவசரப்படுகிறவர்கள் எல்லாம் கோட்டை விடுவது இங்கேதான். வயர் பிரஷ், எமரி போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேயுங்கள். குழிகளுக்குள் கறுப்பாகத் தங்கியதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் போட்டிருக்கிறபடி விட்டு, கழுவவோ துடைக்கவோ சொன்னால் அதையும் செய்து முழுக்கக் காய விடுங்கள். ஓட்டை இருந்தால் வெட்டி எடுத்து அதே கனத் தகட்டை விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். பழசின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டு அடிப்பது சுலபம், பட்டறையில் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள், ஆனால் விளிம்பு இரட்டைக் கனமாகிவிடும், ரப்பர் பள்ளம் அதில் உட்காராது. ஓட்டையைப் பட்டி வைத்து மூடுவதும் வேண்டாம், பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம் எபாக்சி பிரைமர், மேலே பெயின்ட். ரெட் ஆக்சைடு என்கிற செங்காவி பிரைமரை மட்டும் அடித்துவிட்டு ரப்பரை மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, மேலே பெயின்ட் இல்லாமல் அது தனியாகத் தண்ணீரைத் தாங்காது. காலைப் பனி ஏறிய தகட்டில் பிரைமர் அடிக்காதீர்கள், வெயில் ஏறிக் காய்ந்த பிறகு செய்யுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், சித்திரை வைகாசியிலேயே இந்த வேலையை வைத்துக்கொள்வது உத்தமம்.

மாட்டும்போது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். சட்டத்தில் உட்காரும் பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி உள்பக்கம் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே போனால் உதடு விளிம்பைத் தாண்டி உட்காரும். பார்க்க ரொம்ப அழகான வேலை அது. வழுக்கட்டும் என்று தேங்காயெண்ணெய், டீசல், கிரீஸ் எதையும் தடவாதீர்கள், ரப்பர் கெட்டுப்போகும். நடுப்பட்டையைக் கொஞ்சம் வெயிலில் போட்டால் இளகும். அதை இழுத்து இழுத்துச் செருகினால் பிறகு சுருங்கி மறுபடி இடைவெளி விழும், அதனால் நெருக்கித் தள்ளிக்கொண்டே போங்கள், இணைப்பு மூலையில் வராமல் நேர்ப்பகுதியில் வரட்டும்.

அதே கண்ணாடியையே திருப்பி மாட்டினால் ஃபாஸ்டேக் தப்பிக்கும், புதுக் கண்ணாடி என்றால் புது ஃபாஸ்டேக்குக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புது ரப்பர் மாட்டியும் தண்ணீர் வருகிறதே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கண்ணாடி மேல் பழி போடுவதற்கு முன் கூரை விளக்குகளையும் வைப்பர் தண்டையும் பாருங்கள். கூரையில் புகுந்த தண்ணீர் உள்பக்கமாகவே ஓடி வந்து கண்ணாடி ஓரத்தில் சொட்டும். உள்ளே ரப்பர் ஓரம் முழுக்க முகப்பவுடர் தூவிவிட்டு, வெளியே ஹோஸால் கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள், தண்ணீர் புகும் இடத்தை நனைந்த பவுடரே காட்டிக்கொடுக்கும். மேலிருந்து அடித்தால் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

கேள்வி: வண்டி நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தினமும் கழுவுகிறேன், தார்ப்பாயும் போட்டு மூடுகிறேன். அப்படியும் சட்டத்தில் துரு.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் அம்மா? கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காற்று கொண்டு வந்த உப்பு போய் போர் உப்பு வந்து உட்காரும். தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை குடிக்கிற தண்ணீரில் இரண்டு குடம், ரப்பர் ஓரத்திலும் வைப்பர் பள்ளத்திலும் மட்டும் ஊற்றி, துணியால் துடைத்துவிடுங்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், கண்ணாடிப் பக்கம் காற்று போகிற மாதிரி தூக்கிக் கட்டுங்கள்.