ஃபைனலில் மட்டும் நேர்மையாக ஆடினால் போதுமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் நான்கு பேர் ஒரே ஸ்குவாடாக, அதாவது ஒரே அணியாக, பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுகிறோம். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் ஆன்லைன் தகுதிச் சுற்றைத் தாண்டி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஃபைனல் இரண்டு வாரத்தில், ஒரு கல்லூரி அரங்கத்தில் நேரடியாக நடக்கிறது. சென்ற வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது நண்பனின் திரையைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிரிகள் சிவப்புக் கட்டங்களாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் எத்தனை மீட்டர் என்று எண் இருந்தது. கேட்டதும், எதிரிகளைக் காட்டிக்கொடுக்கும் ஹேக் (திருட்டு மென்பொருள்) போட்டிருப்பதாக ஒப்புக்கொண்டான். தகுதிச் சுற்றிலும் அதைப் போட்டுத்தான் ஆடினானாம். "தானா குறிபார்த்துச் சுடுற எய்ம்பாட் இல்லடா, சும்மா பார்க்கத்தான். ஃபைனல்ல கண்டிப்பா போடமாட்டேன்" என்கிறான். மற்ற இருவருக்கும் முன்பே தெரியுமாம். பரிசில் அவனுடைய பங்கு செமஸ்டர் கட்டணத்துக்கு வேண்டும், வீட்டு நிலைமை அப்படி. நான் வாயை மூடிக்கொண்டு ஆடுவதா, நண்பனைக் காட்டிக்கொடுப்பதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: அன்புத் தம்பிக்கு, ஃபைனலில் ஆடாதீர்கள். உங்கள் ஸ்குவாட் விலக வேண்டும். ஏன் விலகுகிறீர்கள் என்பதைப் போட்டி நடத்துபவர்களுக்கு இந்த வாரமே சொல்லவும் வேண்டும். படிக்கவே கசப்பாக இருக்கும். ஆனாலும் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பொறுமையாகப் படியுங்கள்.

"சும்மா பார்க்கத்தான்" என்று உங்கள் நண்பர் சொல்வதில்தான் எனக்கு முதல் சண்டை. இந்த ஆட்டத்தில் துல்லியமாகச் சுடத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான், எந்தப் படிக்கட்டில் ஏறுகிறான், இப்போது பாய்ந்து தாக்கலாமா, காத்திருக்கலாமா என்று கணிப்பதில்தான் ஒருவருடைய திறமையே இருக்கிறது. அந்தக் கணிப்புக்கு வழி காலடிச் சத்தமும் பழக்கமும் மட்டும்தான். எதிரி வெளியே வரும் நொடியில் அவனைத் திரையில் வரைந்து காட்ட வேண்டும் என்பதால், அவன் சுவருக்குப் பின்னால் நிற்கும்போதே அவன் இருக்கும் இடத்தை சர்வர் அவனைச் சுற்றி ஆடுபவர்களின் போனுக்கு அனுப்பியாக வேண்டியிருக்கிறது. அந்தத் தகவலைத் திருடித்தான் ஹேக் கட்டம் கட்டிக் காட்டுகிறது. கண்ணாமூச்சியில் கட்டின துணியை விலக்கிப் பார்ப்பவனும் யாரையும் தொடுவதில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அங்கே ஆட்டம் என்று எதுவும் மிச்சமில்லை.

2020இல் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் உலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டில் இருந்த ஒரு கோளாறால், அணியின் பயிற்சியாளர்கள் தாங்கள் பார்க்கக்கூடாத இடத்தில் கேமராவை நிறுத்தி எதிரணியின் நடமாட்டத்தைப் பார்க்க முடிந்தது. அவர்கள் யாரும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சுடுவது அவர்கள் வேலையும் இல்லை. இருந்தும், மின்விளையாட்டு நேர்மையைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு அந்த செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. அதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: தாங்களாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்கும் விசாரணைக்கு உதவியவர்களுக்கும் தடைக்காலம் குறைக்கப்பட்டது.

அடுத்தது, "ஃபைனல்ல போடமாட்டேன்" என்பது. அவர் சொல்வதை நான் நம்புகிறேன். நேரடிப் போட்டியில் பின்னால் ஆள் நிற்கும், போடுவதும் எளிதல்ல. ஆனால் ஃபைனலில் உட்கார உங்களுக்கு இடம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் 16 ஸ்குவாட்கள்தான் ஒரு ஃபைனலில் ஆடும். நீங்கள் நால்வர் உள்ளே வந்ததால் நால்வர் வெளியே நிற்கிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு கல்லூரி விடுதியில் இரவெல்லாம் பயிற்சி எடுத்த பிள்ளைகள்தான். அவர்களிலும் செமஸ்டர் கட்டணம் கட்ட வழியில்லாதவர் இருக்கலாம். "நம்ம ஆட்டம் போதலடா" என்று அவர்கள் இப்போது தங்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் எழுதப்படாத அந்த நான்கு பேர்மேல்தான் மனம் போகிறது.

அவர்களோடு முடியவும் இல்லை. இந்த ஆட்டத்தில் எத்தனையாவதாக முடித்தோம் என்பதற்கும் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதற்கும் சேர்த்துத்தான் புள்ளி. உங்கள் நண்பர் மூன்றாவது நிமிடத்தில் சுவர் தாண்டிப் பார்த்து ஒரு ஸ்குவாடைத் துடைத்தெடுத்திருந்தால், அவர்களுக்கு வரவேண்டிய இடப்புள்ளி போயிற்று. அவர்களோடு மோத வேண்டியிருந்த இன்னொரு ஸ்குவாட் மோதாமலே மேலே போயிற்று. அந்த ஆட்டத்தில் ஆடிய எல்லாருடைய கணக்கும் தப்பு. நடத்துபவர்கள் அதைச் சரிசெய்ய, ஒருவேளை அந்தச் சுற்றை மறுபடி நடத்த, அவர்களுக்கு நாள் வேண்டும். அதனால்தான் இந்த வாரமே என்றேன். ஃபைனலுக்கு முதல் நாள் சொன்னால் யாருக்கும் பிரயோசனமில்லை.

ஹேக் போட்டது ஒருவர், நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய அளவிலான மின்விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஆப்டிக் அணி ஒரு வியட்நாம் அணியோடு கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிக்கொண்டிருந்தது. பாதி ஆட்டத்தில் நடுவர்கள் ஒரு வீரரின் கம்ப்யூட்டரைச் சோதித்தார்கள். வேர்டு என்ற பெயரில் ஒளித்துவைத்திருந்த ஹேக் சிக்கியது. அணி அங்கேயே தகுதிநீக்கம். அந்த வீரருக்கு ஐந்து ஆண்டுத் தடை. அணியை நடத்திய ஆப்டிக் நிறுவனம் அவரோடு நிறுத்தாமல் அந்த இந்திய அணியையே கலைத்துவிட்டது. மற்ற நால்வரும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். உங்களால் இனி அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. சென்ற வாரம் வரை முடிந்திருக்கும். ஸ்குவாடின் வெற்றியில் உங்களுக்குக் கால் பங்கு இருக்கும்போது, தெரிந்தே பேசாமல் இருந்தால் இதிலும் கால் பங்கு உங்களுடையது.

இனி செய்ய வேண்டியது. முதலில் நண்பரிடம் பேசுங்கள், நேரில், தனியாக. டீக்கடையோ மைதானமோ, மற்ற இருவரும் இல்லாத இடமாகப் பாருங்கள். கூட்டத்தில் கேட்டால் மனிதன் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவான். "நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்று மிரட்டலாகத் தொடங்காதீர்கள். "நான் இந்த ஃபைனல்ல ஆடல. ஏன்னு சொல்லவும் போறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். யோசிக்க ஒரு நாள் கொடுங்கள். அவர் வந்தால் நல்லது, அவர் வாயாலேயே சொல்லட்டும்.

வரவில்லையென்றால் நீங்கள் போங்கள். "தகுதிச் சுற்றில் எங்கள் ஸ்குவாட் ஹேக் உதவியோடு ஆடியிருக்கிறது, எங்கள் புள்ளிகளை நீக்கிவிடுங்கள், நாங்கள் விலகுகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். யார் என்று நீங்களாகப் பெயர் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கேட்டால் பொய்யும் சொல்லக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குரூப்பிலோ இன்ஸ்டாவிலோ போடுவது கூடவே கூடாது. அதைக் காட்டிக்கொடுப்பது என்று நானும் சொல்வேன். நடத்துபவரிடம் உண்மையைச் சொல்வதை அப்படிச் சொல்லமாட்டேன்.

விலகினால் பெயர் கெட்டு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 2014 நவம்பரில் ஸ்வீடனில் நடந்த ட்ரீம்ஹேக் என்ற கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியின் காலிறுதியில், ஃபெனாட்டிக் அணி பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஆட்டக் களத்தில் யாரும் நிற்க முடியாத ஓரிடத்தில் நின்று சுட்டு, பிரெஞ்சு அணியான எல்டிஎல்சியை வென்றுவிட்டது. புகார் எழுந்தது. மறுபடி ஆடுங்கள் என்று தீர்ப்பு வந்தபோது, ஃபெனாட்டிக் ஆடாமல் இடத்தை விட்டுக்கொடுத்தது. எல்டிஎல்சி அந்தக் கோப்பையையே வென்றது. மறுநாளே பெயர் மீண்டுவிடவில்லை, ஏச்சும் பேச்சும் நிறைய வாங்கினார்கள். ஆனால் அடுத்த மார்ச்சில் போலந்தின் காட்டோவிட்ஸில் நடந்த மேஜர் என்ற பெரிய போட்டியை அதே ஃபெனாட்டிக்தான் வென்றது. உங்கள் நால்வருக்கும் இன்னும் இரண்டு ஆண்டு கல்லூரி இருக்கிறது.

நண்பரின் போனைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேக்கை உடனே அழிக்கச் சொல்லுங்கள். 2021 இறுதியிலிருந்து பிஜிஎம்ஐயில் ஐடியோடு சேர்த்து போனையும் தடைசெய்கிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய ஏபிகே (ஆப் நிறுவும் கோப்பு) இருக்கும் அதே போனில் யுபிஐயும் வைத்திருந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து.

கட்டணம் நிஜமான கவலை, அதைத் தனியாக எடுங்கள். பரிசு கிடைக்கும் என்று உறுதியில்லாத பணத்தை நம்பி அவர் இருந்ததே எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். கல்லூரி அலுவலகத்தில் எந்தெந்த உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்கலாம் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயங்குவார், நீங்களும் கூடப் போங்கள். உங்கள் மேல் கோபத்தில் பேசாமல் இருந்தாலும், இதற்கு மட்டும் வற்புறுத்தியாவது அழைத்துக்கொண்டு போங்கள்.