பம்ப் சீலை உடைக்கச் சொன்னது யார்?

கேள்வி: திருச்செங்கோட்டில் ஒற்றை லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். 2012 மாடல், பி.எஸ். 3 மாசு விதிப்படி வந்த வண்டி. தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு இழுக்கவில்லை என்று, என்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்பைச் சரிசெய்யும் கடையில் சொன்னேன். ‘கொஞ்சம் டீசல் கூட்டி வைக்கிறேன்’ என்றார். சீட்டில் ‘பம்ப் சர்வீஸ், காலிபரேஷன்’ என்று மட்டும் எழுதித் தந்தார். இழுவை வந்தது, கரும்புகையும் வந்தது. ஐந்து மாதம் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளர் நிறுத்திப் புகையைச் சோதித்தார். தேறவில்லை. ஏழு நாளில் சரிசெய்து சான்றோடு வரச் சொன்னார். நான்காம் நாள் என்ஜின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் இரண்டு பிஸ்டன்கள் உருகியிருக்கின்றன. என் மீது வழக்கு வருமா? காப்பீடு கிடைக்குமா? கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: முதலில் வழக்கு. வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சொல்லி உங்களைச் சிலர் பயமுறுத்தியிருப்பார்கள். அதை மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ‘மாற்றம்’ என்றால் வாகனத்தின் கட்டமைப்பில் செய்யும், அடிப்படைத் தன்மையையே மாற்றும் மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. டீசலைக் கூட்டப் பம்பின் ஓர் ஆணியைத் திருகியது அதில் அடங்காது என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து வாகனம் விலகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கேரள வழக்கொன்றில் கண்டிப்பாகச் சொன்னதை எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். அதற்கும் பதில் சொல்லலாம்.

பதில் சொல்ல முடியாதது புகைக்குத்தான். புகையின் அடர்த்தியை ஹார்ட்ரிட்ஜ் அலகில் அளப்பார்கள். உங்கள் வண்டி வகைக்கு எல்லை 65 அலகு. அதைத் தாண்டினால் 190(2) பிரிவு. முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. முதல் குற்றத்துக்குச் சிறை வரை போவது அபூர்வம். நீங்களே ஓட்டிப் பிழைப்பவர் என்பதால் உரிமத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆகவே இன்றே ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: வண்டி பழுதாகி நிற்கிறது, சாலையில் ஓடவில்லை, சரிசெய்த பிறகே சோதனைக்குக் கொண்டு வருகிறேன், கால அவகாசம் வேண்டும் என்று. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு கிடைக்காது. இயந்திரக் கோளாறு வழக்கமான வாகனக் காப்பீட்டில் சேராது என்று பாலிசியிலேயே இருக்கும். ‘பள்ளத்தில் இறங்கி அடிபட்டது என்று எழுதிக் கொடு’ என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடம் போகாதீர்கள். அது மோசடி வழக்கு.

இனி கடைக்காரர். நீங்கள் நுகர்வோர்தான். சொந்த உழைப்பில் பிழைக்க லாரி வாங்கி ஓட்டுபவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் லாரியையே உதாரணம் காட்டிச் சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஒற்றை லாரியை நம்பியிருக்கும் உங்களுக்கு இது பெரிய விஷயம்: வேலைக்காகக் கடைக்குத் தந்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. அவர் டீசலைக் கூட்டுகிறேன் என்றபோது ஒப்புக்கொண்டது நீங்கள். சட்டத்துக்கு மாறான நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. கடைக்காரரின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். நீங்கள் கேட்டது இழுவை. அதைப் பாதுகாப்பாகத் தர முடியுமா, முடியாதா என்று சொல்ல வேண்டியவர் தொழில் தெரிந்த அவர். டீசலைக் கூட்டிக் காற்றைக் கூட்டாமல் விட்டால் எரியாத டீசல் புகையாகும், வெளியேறும் வாயுவின் சூடு ஏறும், பிஸ்டன் தாங்காது. இதை எச்சரிக்காமல் செய்தது சேவைக் குறைபாடு. என் வாதம் அப்படித்தான் இருக்கும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் பங்கையும் கழித்து ஒரு பகுதி கிடைத்தால் நல்லது.

பம்பை இப்போது தொடாதீர்கள். நல்ல மெக்கானிக் எவரும் உடனே பழைய அளவுக்குக் கொண்டு வந்து, அதை யாரும் மாற்றாதபடி புதுச் சீல் வைத்துத் தந்துவிடுவார், நல்ல எண்ணத்தில்தான். அதோடு உங்கள் சாட்சியமும் போய்விடும். கம்பியில் கோத்த ஈயச் சீல் அறுந்து கிடப்பதைத் தேதியோடு படமெடுங்கள். வேறொரு கடையில் பம்பைச் சோதிக்கும் இயந்திரமான டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லி டீசல் தள்ளுகிறது, உற்பத்தியாளர் அளவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சோதனை நாளைக் கடைக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் மூலம் தெரிவித்துவிடுங்கள், பின்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லாதபடி. உருகிய பிஸ்டன்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் தந்த சீட்டில் ‘பம்ப் சர்வீஸ், காலிபரேஷன்’ (அளவு சரிபார்ப்பு) என்று மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். அதற்காக ‘டீசலைக் கூட்டியது எனக்குத் தெரியவே தெரியாது’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுத முடியாது. அன்று கடையில் நின்ற கிளீனர் நாளை குறுக்கு விசாரணையில் எதிரே நிற்பார்.