புதாற்றுக்கு மேல்கரை வெயில் வேறு, கீழ்கரை வெயில் வேறு

கேள்வி: வானம் பார்த்த பூமியில் காட்டை அழித்து வயலாக்கினாலோ, வயலைத் தோப்பாக்கினாலோ அந்த ஊர் வெயிலும் தண்ணீரும் உண்மையிலேயே மாறுமா? இல்லை, சும்மா சொல்கிறார்களா?

மாறும். ஆனால் மரம் வைத்தால் குளிரும், வெட்டினால் சுடும் என்று ஒரே வரியில் முடிக்கிறார்களே, அப்படி மாறாது.

நான் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் புதாறு என்போம். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி மேட்டு நிலம், மானாவாரிதான். கால்வாய் சரிவை ஒட்டிப் போவதால் கீழ்ப்பக்கத்துக்குத் தண்ணீர் பாய்ந்து நெல்லானது, மேல்பக்கம் முந்திரி, கடலை, தைல மரம் என்று அப்படியே நின்றுவிட்டது. மாமா ஊர் மேல்பக்கம், கந்தர்வகோட்டை போகிற வழி. அக்டோபரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்து பைக்கில் கிளம்பினால் பாலம் தாண்டுகிற வரைக்கும் முகத்தில் அனல், தாண்டி முதல் சம்பா வயல் வந்ததும் முழங்காலுக்குக் கீழே சில்லென்று ஒரு காற்று படும். ஒரே சூரியன், ஒரே நாள், நடுவில் ஒரு வாய்க்கால்.

காரணம் சின்னக் கணக்குதான். தரையில் விழுகிற வெயிலில் ஒரு பங்கு பட்டுத் திரும்பிவிடும். வெளிறிய மண் அதிகம் திருப்பும், பச்சை இலை குறைவாகத் திருப்பும். மீதியில் பெரும்பகுதி ஒன்று தண்ணீரை ஆவியாக்கும், அல்லது தரையையும் அதன் மேல் உள்ள காற்றையும் சூடாக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். நெல் வயல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். அதற்குப் போகிற வெப்பம் 13,000 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று வைத்தால், அந்தக் கணக்கில் ஒரு வீட்டுக்கு இருபது வருடம் ஓடும், அதை ஒரு ஏக்கர் ஒரே நாளில் விழுங்குகிறது. மேல்கரையில் விழுங்கத் தண்ணீர் இல்லை, அதனால் அவ்வளவும் நம் முகத்துக்கு வருகிறது. (கீழ்கரையில் குளிர்ச்சி இலவசம் இல்லை. போன ஆவி காற்றில்தான் நிற்கிறது, ராத்திரி புழுக்கத்தில் ஃபேன் போட்டாலும் சட்டை ஒட்டும்.)

ஆனால் மே மாதம் வந்து பாருங்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள், அறுவடை முடிந்து, வயல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், வரப்பில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அப்போது கீழ்கரையும் பொட்டல்தான். நெல் குளிர்விக்கவில்லை, தண்ணீர்தான் குளிர்வித்தது. வறண்ட பூமியில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் தண்ணீருக்கு. அதனால் நிலத்தில் என்ன மாற்றம் செய்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த ஆழத்துத் தண்ணீரை எந்த மாதத்தில் எடுக்கும் என்பதுதான்.

தைல மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மே மாதத்தில் அது பச்சையாக நிற்கும், ஆழத்திலிருந்து உறிஞ்சுகிறது. அதோடு மழைத் தண்ணீர் தோட்டத்தை விட்டு ஓடாமல் இருக்க வரப்பு கட்டிவிடுவார்கள். வரத்து வாரி காய்ந்தது, குளத்துக்குத் தண்ணீர் வருவது நின்றது என்று மாமா ஊரில் பல வருடமாகப் புலம்பல். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதே காலத்தில் அங்கே ஆளுக்கு ஒரு போர்வெல் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெளியூர்க் கதைகள் இன்னும் குழப்பும். இஸ்ரேலில் பாலைவன ஓரத்தில் யாதிர் என்று ஒரு காடு, 1960-களில் நட்ட பைன், ஆண்டு மழை ஏறக்குறைய 280 மில்லிமீட்டர். காடு கருமையாக இருப்பதால் பக்கத்துப் பொட்டலைவிட அதிக வெயிலை உள்வாங்குகிறது, கோடையில் ஆவியாக்கத் தண்ணீரும் கிடையாது. அப்படியும் மரங்களின் மேல்பரப்பு பொட்டல் தரையைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கிறது. மேடும் பள்ளமுமான மரத்தலைகள் சூட்டைச் சுலபமாகக் காற்றிடம் தள்ளிவிடுகின்றன. தரை குளிர்ந்தது, காற்று சூடானது, இரண்டும் உண்மை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர் எதிர். ஆழ வேர் விட்ட காட்டை அழித்துக் கோதுமை போட்டார்கள், குடிக்க ஆள் இல்லாமல் மழை கீழே இறங்கி நிலத்தடி நீர் மேலே வந்தது, வரும்போது உப்பையும் கொண்டுவந்து வயலைக் கெடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் புதர்க்காட்டை வெட்டிக் கம்பு விதைத்த இடத்தில், 1970, 80-களின் வறட்சியிலும் நிலத்தடி நீர் உயர்ந்தது. மேல்மண் இறுகியதால் மழை ஓடிப்போய்ப் பள்ளங்களில் தேங்கி இறங்கியது. ஆக, நிலத்தடி நீர் ஏறினால் நல்லது நடந்திருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

மழை? ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்கப் போட்ட நீண்ட வேலி ஒன்று உண்டு, பழைய காட்டுப் பக்கம் மேகம் அதிகம் கூடுவதை அங்கே பார்த்திருக்கிறார்கள். மேகம் கூடுவது வேறு, மழை வேறு. நமக்குப் பெரும்பகுதி மழை வங்கக்கடல் தருகிற வடகிழக்குப் பருவமழை, நாலு ஊர் தோப்பைப் பார்த்து அது வராது.

மாமா போன வருடம் ஒரு ஏக்கர் தைல மரத்தை எடுத்தார். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் ஜேசிபி வைத்துக் கட்டையைத் தோண்ட வேண்டியதாயிற்று, மரம் விற்ற காசில் பாதி அதற்கே போனது. வரப்பையும் உடைத்துவிட்டுக் கடலை போட்டார். ஐப்பசி மழையில் ஓரத்துக் குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. "மாப்ள, வந்து பாரு" என்று போன் போட்டார். போய்ப் பார்த்தேன், செம்மண் கரைந்து டீ மாதிரி இருந்தது. தண்ணீரோடு மேல்மண்ணும் சேர்ந்துதான் வந்திருக்கிறது மாமா என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்.