பன்னிரண்டாவது பாடம் பிடிக்கிறதா என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

மகள் சுற்றுச்சூழல் பொருளியல் படிக்க ஆசைப்படுகிறாள், "மரம் நடுற படிப்புக்கு எவன் சம்பளம் கொடுப்பான்" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பி.காம். சேர்த்துவிட்டால் நிம்மதி என்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் இது மரம் நடுகிற படிப்பு இல்லை.

திருப்பூரில் இருபது வருடம் பனியன் கம்பெனிக் கணக்குப் பார்த்தவருக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற என்ன செலவு? சாயம், உப்பு, தண்ணீர், விறகு, கரண்ட், கூலி என்று எழுதுவீர்கள். ஒரத்துப்பாளையம் பக்கம் கிணறு உப்பாகிப்போன விவசாயியின் நஷ்டம் அந்தச் சீட்டில் எந்த வரியில் வரும்? வராது. பாசனத்துக்காக அங்கே நொய்யல் ஆற்றில் கட்டிய அணை சாயக்கழிவுக் குட்டையானதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நீங்கள் கண்ணால் பார்த்தவை. சீட்டில் வராத அந்தச் செலவுக்குப் புறவிளைவு என்று பெயர். அதை ரூபாயில் எப்படி அளப்பது, யார் தலையில் வைப்பது, வரி போடுவதா, தடை போடுவதா, கழிவுக்கு ஓர் உச்ச அளவு வைத்து அந்த அனுமதியை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விடுவதா? இதைத்தான் மகள் படிக்கப்போகிறாள். கடைசியாகச் சொன்னது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சூரத்தில் ஆலைப் புகையில் வரும் தூசுக்கு 2019-லேயே அப்படி ஒரு சந்தையைத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, வேலை? பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் தண்ணீர், கழிவு, கார்பன் விவரங்களையும் அறிக்கையாகத் தர வேண்டும் என்பதை 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கிவிட்டது. ஐரோப்பாவுக்குப் போகும் இரும்பு, சிமெண்ட், அலுமினியத்துக்கு 2026 ஜனவரி முதல், தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம் உண்டு. இந்தக் கணக்கைப் போட ஆள் வேண்டும். அப்புறம் ஆராய்ச்சி நிறுவனங்கள், யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்தி மத்திய அரசுக்குப் பொருளியல் அதிகாரிகளை எடுக்கும் இந்தியப் பொருளாதாரப் பணி. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பி.ஏ.யோடு நிறுத்தினால் இந்த வேலைகள் பெரும்பாலும் கிடைக்காது. ஐந்து வருடப் படிப்பு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இப்போதே 'சுற்றுச்சூழல்' என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேட வேண்டாம். நல்ல கல்லூரியில் இளநிலைப் பொருளியல் சேருங்கள். மகள் வணிகக் கணிதம் எடுத்திருப்பது நல்லது. ஆனால் சில இடங்களில் கணிதப் பாடமே வேண்டும் என்பார்கள், விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். முதுகலைக்குச் சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, சுற்றுச்சூழல் பொருளியலுக்கென்றே எம்.ஏ. வைத்திருக்கிறார்கள். பொருளாதாரப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் பட்டச் சான்றிதழில் என்ன பெயர் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவையியல் (புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் துறை) முதுகலைகளைத்தான் அந்தத் தேர்வின் அறிவிப்பு சொல்கிறது.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் பத்தாவது பாடம் சுற்றுச்சூழல் பொருளியல். அதைப் படித்துத்தான் பாப்பாவுக்கு ஆசை வந்திருக்கும். அதே புத்தகத்தின் பன்னிரண்டாவது பாடம் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும். முதுகலையில் பாதி நேரம் அந்தப் பன்னிரண்டாவது பாடத்தோடுதான் குடித்தனம். சில வருடம் முன்பு ஒரு பையன் காடு, யானை என்றால் உயிரை விடுவான். எம்.ஏ. சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே எண்களைப் பார்த்து மிரண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் ஆசையில் குறை இல்லை. வனவியலுக்குப் போயிருக்க வேண்டிய பையன். எண்கள் பிடிக்குமா என்று சேரும் முன் அவனிடம் நான் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்யுங்கள். உங்கள் பகுதிக் கிணறுகளில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, நொய்யலிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீரில் எவ்வளவு உப்பு, அந்தத் தோட்டத்தில் என்ன விளைச்சல் என்று மகளையே விசாரித்து எழுதச் சொல்லுங்கள். உப்பை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொடுங்கள். சாயங்காலம் அந்த எண்களை வைத்துக்கொண்டு அவளாக உட்கார்ந்து கட்டம் வரைகிறாளா, இல்லை நோட்டை மூடி வைத்துவிடுகிறாளா என்று பாருங்கள். பார்த்ததை அப்படியே எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று அதன் பிறகு பேசுவோம்.